எழுந்தால் அணையும் பச்சை விளக்கு

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் பம்பரம். வைத்தவன் அவன் மனைவியின் தம்பி, அதே அலுவலகத்தில் புரோகிராம் எழுதுகிறவன். பெயர் தப்பில்லை. பேசினால் நடந்துகொண்டே பேசுவான், யோசித்தால் ஜன்னல்வரை போய்த் திரும்புவான், அதிசயமாக உட்கார்ந்துவிட்டால் கால் ஆடும், காலோடு மேசையும் ஆடும், மேசைமேல் இருக்கிற தேநீரும் ஆடும். "ஒரு இடத்துல உட்காருடா" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். வாத்தியார்கள் சொன்னார்கள். மாமனார் முதல் சந்திப்பிலேயே சொன்னார். யார் சொல்லியும் அவனுக்கு இருப்புக்கொண்டதில்லை.

இப்படிப்பட்டவன் பிழைப்புக்கென்று பிடித்த வேலையைப் பாருங்கள்: சர்க்யூட் போர்டுக்கு லே-அவுட் போடுவது. எந்தச் சிப் எங்கே உட்கார வேண்டும், எந்தச் செப்புத் தடம் எந்தச் சந்து வழியாகப் போக வேண்டும் என்று நாள் முழுக்கத் திரையில் வரைகிற வேலை. மற்றதையெல்லாம் உட்காரவைக்கத் தெரிந்தவனுக்குத் தன்னை உட்காரவைக்கத் தெரியவில்லை. வேலைகளிலும் அப்படித்தான். இது நாலாவது கம்பெனி. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வீடு மாற்றம், ஒவ்வொரு வீட்டுக்கும் மகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். இந்த வேலையில் சேர்ந்த அன்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தான், இனி மாற மாட்டேன் என்று.

இப்போது அந்த வாக்குக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

அவன் போட்டிருந்தது மருத்துவமனை அழைப்பு மணிக்கான போர்டு. நோயாளியின் கட்டிலோரம் ஒரு பொத்தான் இருக்கும். நர்ஸின் மேசையில் ஒரு இரும்புப் பெட்டி. பொத்தானை அழுத்தினால் பெட்டியில் விளக்கு எரிந்து மணி அடிக்கும். பெட்டிக்குள்ளே உள்ளங்கை அகலப் போர்டு, அதில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர், அது பேசுவதை ஈதர்நெட் கேபிளில் ஏற்றி இறக்க இன்னொரு சிப், போர்டின் ஓரத்தில் கேபிள் சொருகுகிற ஜாக். ஜாக்கின் முகத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு. அது எரிகிறவரை இணைப்பு உண்டு. அணைந்தால் கட்டிலுக்கும் மேசைக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அது அணைந்துகொண்டிருந்தது. காலையில் இரண்டு முறை, மாலையில் ஐந்தாறு முறை, காரணமே இல்லாமல். அணைந்தால் சில சமயம் கண் சிமிட்டும் நேரத்தில் திரும்பி வந்தது. சில சமயம் சிப் மயங்கி விழுந்ததுபோல் கிடந்து, அரை நிமிடம் கழித்து எழுந்தது.

முதலாளி அவசரக்காரர். முதல் மாதிரி ஒரு நாள் நன்றாக ஓடியதைப் பார்த்ததுமே நூறு போர்டுக்குச் சொல்லிவிட்டார். அவை வந்து பின்னறையில் பெட்டி பெட்டியாக இருந்தன. வியாழக்கிழமை மருத்துவமனையிலிருந்து தலைமை நர்ஸ் நேரில் பார்க்க வருகிறார். அவர் தலையை ஆட்டினால்தான் ஆர்டர். "அதுக்குள்ள இது நிக்கலைன்னா, கடையில ரெடியா விக்கிற போர்டை வாங்கி மாட்டிடுவேன். அப்புறம் லே-அவுட்டுக்குன்னு தனியா ஒரு ஆள் எனக்கு எதுக்கு, நீயே சொல்லு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. கணக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

போர்டு போட்டவன் புரோகிராமைச் சந்தேகிப்பதும், புரோகிராம் எழுதியவன் போர்டைச் சந்தேகிப்பதும் இந்தத் தொழிலில் மாமியார் மருமகள் சண்டை மாதிரி. இங்கே மாமனும் மச்சினனுமாக வேறு போய்விட்டார்கள். மூன்று நாள் ஒருவரையொருவர் குடைந்தார்கள். பம்பரம் தன் லே-அவுட்டைத் திறந்து வைத்துத் தடம் தடமாகக் காட்டினான். கேபிளுக்குப் போகிற தடங்கள் ஜோடி ஜோடியாகப் போக வேண்டும், ஒன்று வளைந்தால் மற்றதும் கூடவே வளைய வேண்டும், நீளத்தில் மயிரிழைகூட வித்தியாசம் இருக்கக் கூடாது. எல்லாம் அப்படியே இருந்தன. ஜாக்குக்குள் இருக்கிற குட்டி டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் செப்பு இருக்கக் கூடாது, இல்லை. சிப்புக்குத் தாளம் போடுகிற கிரிஸ்டல் அதற்கு மூக்கோடு மூக்காக இருக்க வேண்டும், இருந்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்று மச்சினன் காதுபடவே முணுமுணுத்துவிட்டு, தன் புரோகிராமையும் ஒரு தரம் தலைகீழாகப் புரட்டினான். அதிலும் ஒன்றும் அகப்படவில்லை. கேபிளை மாற்றினார்கள், அடாப்டரை மாற்றினார்கள், பின்னறையிலிருந்து வேறு போர்டு எடுத்து வைத்தார்கள். பச்சை விளக்கு தன் இஷ்டத்துக்கு அணைந்தது, தன் இஷ்டத்துக்கு வந்தது.

ஒரே ஒரு விசித்திரம். இணைப்பு அறுகிற நேரமெல்லாம் மச்சினன் திரையில் வரிசையாக விழும். மதியச் சாப்பாட்டு வேளையில் ஒன்றுகூட விழுவதில்லை. பம்பரம் முதலாளி அறைக்குப் போயிருந்தபோதும் விழவில்லை. அவன் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்துவிடும்.

"உங்க ராசி மாமா" என்றான் மச்சினன்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் மூன்று நாளாகச் சரியாகத் தூங்காதவன் மனசில் அது முள்ளாக ஏறியது. செவ்வாய்க்கிழமை மதியம் பம்பரம் எழுந்து தெருவில் இறங்கினான். பழைய டயர் அடுக்கிய கடை, பாதி இறக்கிய ஷட்டர், கண்ணாடி வெட்டுகிற இடம், மறுபடி டயர் கடை என்று சுற்றிச் சுற்றி நடந்தான். நடந்துகொண்டே போன் போட்டு எரிகிறதா என்று கேட்டான். எரிகிறது என்றான் மச்சினன். இன்னொரு சுற்று நடந்துவிட்டு மறுபடி கேட்டான்.

"சூரியன் மாதிரி எரியுது மாமா. நீங்க அங்கேயே இருங்க."

டயர் கடைக்காரர் இவனை ஏற இறங்கப் பார்த்தார். பம்பரத்துக்கு அழுகை வரும்போல இருந்தது. படித்த படிப்பென்ன, போட்ட போர்டுகள் எத்தனை, கடைசியில் நம் நிழல் பட்டால் விளக்கு அணைகிறது என்று நம்புகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ராசியாவது மண்ணாங்கட்டியாவது என்று விறுவிறுவென்று படியேறினான்.

வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தான். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். இன்று நான் அசையப் போவதில்லை, என்ன ஆகிறதென்று பார்க்கிறேன் என்று மச்சினனிடம் சவால் விட்டான். மச்சினன் திரையைத் திருப்பி வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. ஆடத் துடித்த காலை மற்றக் காலால் மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் வாழ்நாளில் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"நல்லாத்தானேடா இருக்கு!" என்று துள்ளி எழுந்தான்.

விளக்கு அணைந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விளக்கு வந்தது. பம்பரம் மெல்ல உட்கார்ந்தான், எரிந்தது. எழுந்தான், அணைந்தது. பிறகு மச்சினனின் கையைப் பிடித்து இழுத்து அவனை அதே நாற்காலியில் உட்காரவைத்தான். அவன் எழுந்தபோது முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் தடவை எழுந்தான், அணைந்தது. பம்பரம் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தான். ராசி அவனுடையது இல்லை, நாற்காலியுடையது.

அந்த அறையில் இருந்த ஒரே சுழல் நாற்காலி அது. மற்றவர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலிதான். இவன் எழுந்து எழுந்து அதை இழுக்கிற சத்தம் தாங்காமல் முதலாளியே தன் பழைய நாற்காலியை இவனுக்குத் தள்ளிவிட்டிருந்தார். துணி போட்ட சீட், கீழே சக்கரம், நடுவில் ஏற்றி இறக்குகிற இரும்புத் தண்டு. ஏ.சி. அறையின் வறண்ட காற்றில் அந்தத் துணியிலிருந்து சட்டென்று எழுந்தால் மின்சாரம் தேங்கி, இரும்புக்குள் எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி தெறிக்கும். அதன் அலை, தொடாமலே பக்கத்தில் இருக்கிற கேபிளில் ஏறிவிடும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கேள்விப்பட்ட சங்கதிதான்.

சிரிப்பு அடங்கியதும்தான் அவனுக்கு இன்னொன்று உறைத்தது. ஒழுங்காகப் போட்ட போர்டு அந்தப் பொறியைச் சட்டையே செய்யாது. ஜாக்கின் இரும்பு உறை அதை வாங்கி, அகலமான செப்பு வழியாக, பக்கத்திலேயே இருக்கிற ஸ்க்ரூ வழியாக, வெளிப் பெட்டியில் இறக்கிவிடும். தன் போர்டில் அந்த ஸ்க்ரூ எங்கே?

லே-அவுட்டைத் திறந்தான். ஸ்க்ரூ எதிர் மூலையில் இருந்தது. ஞாபகம் வந்துவிட்டது. பெட்டியைச் சின்னதாக்கச் சொல்லி முதலாளி கேட்ட அன்று ஜாக்கின் பக்கத்து ஸ்க்ரூ இடித்தது. அதைத் தூக்கி அந்த மூலைக்கு வைத்தான். ஜாக்கின் உறை அநாதையாக நிற்கக் கூடாதே என்று தற்காலிகமாக ஒரு ஒல்லித் தடத்தை, போர்டுக்குள் புதைந்த உள் அடுக்கு வழியாகச் சுற்றி இழுத்துவிட்டான். அது சிப்பை எழுப்பி உட்காரவைக்கிற ரீசெட் தடத்தின் தோளை உரசிக்கொண்டு போயிற்று. வந்து அகலமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து, தேநீருக்கு எழுந்து போனான். திரும்பி வந்து வேறு வேலையைப் பார்த்தான். பிழை இருக்கிறதா என்று மென்பொருளைக் கேட்டபோது இல்லை என்றது. அதற்கு இணைப்பு இருந்தால் போதும், ஒல்லியா குண்டா என்று கவலை இல்லை.

மூன்று நாளாக ஜோடித் தடங்களையே வெறித்தவன் கண்ணில் இது படவே இல்லை. சரியாகச் செய்ததைத்தான் திரும்பத் திரும்பச் சரிபார்த்திருக்கிறான்.

உறையிலிருந்து பெட்டிக்கு ஒரு பின்னல் கம்பியைப் பற்றவைத்துப் பார்த்தான். அணைவது குறைந்தது, நிற்கவில்லை. உள் அடுக்கில் ஓடுகிற தடத்தை வெட்டவும் வழியில்லை. புது போர்டுதான் போட வேண்டும், அது வர மூன்று வாரம் ஆகும்.

முதலாளியிடம் மறைக்காமல் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, மூன்று வாரம் அவர்கள் காத்திருக்க மாட்டார்கள், வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள் என்றார். பிறகு எழுந்து போய், மூலையில் கிடந்த மர முக்காலியைத் தூக்கி வந்து அவன் மேசைமுன் வைத்தார்.

"வியாழக்கிழமை இதுல உட்காரு. ஏதாவது கேட்டா பதில் சொல்லு. அந்த நாற்காலி பின்னறையில கிடக்கட்டும்."

"நர்ஸ் மேசையில எல்லாம் சுழல் நாற்காலிதான் சார் போட்டிருப்பாங்க."

"எல்லா வார்டும் ஏ.சி. கிடையாது. எழுந்த ஒவ்வொரு தடவையும் அணையறதும் இல்ல. அடுத்த லாட்டுல திருத்திக்கலாம். உன் தப்புக்கு நான் நூறு போர்டைக் குப்பையில போடணுமா?"

ஆர்டர் முதலில் கைக்கு வரட்டும் என்று மச்சினனும் சொன்னான். அழைப்பு ஒன்றும் தொலைந்துபோகாது, இணைப்பு வந்ததும் மறுபடி அனுப்பத் தன் புரோகிராமில் வழி இருக்கிறது, கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதானே என்றான்.

புதன்கிழமை மாலை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன் தண்ணீருக்கு ஒருமுறை எழுந்தான், உப்புக்கு ஒருமுறை, ஜன்னலைச் சாத்த ஒருமுறை. சாப்பிடும்போதாவது உட்காரக் கூடாதா என்றாள் மனைவி. அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே மகளின் தட்டில் மிச்சமிருந்ததை வழித்துக் கொட்டினாள். நர்ஸ் ஒரு நோயாளியைப் பார்க்க எழுந்திருப்பார், அந்த நேரம் பார்த்து இன்னொரு கட்டிலில் பொத்தானை அழுத்தினால் மேசையில் மணி அடிக்காது, அதுதானே விஷயம் என்று தெளிவாகக் கேட்டாள். ஆமாம் என்றான். அவளிடமிருந்து நல்ல வார்த்தை ஒன்றை எதிர்பார்த்தான். அது எப்படிப்பட்ட வார்த்தை என்று அவனுக்கே தெரியாது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. இன்னொரு வீடு மாத்த என்னால முடியாது. அது மட்டும்தான் தெரியும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "நாளைக்கு ஒருநாள் பேசாம உட்கார்ந்திருங்களேன்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. அதனால் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை தலைமை நர்ஸ் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், தட்டையான செருப்பு, வளையல் இல்லாத கை. கைப்பையைக் கீழே வைக்காமலேயே எல்லாவற்றையும் பார்த்தார். மச்சினன் அறையின் கடைசியில் நின்று பொத்தானை அழுத்தினான். மேசைமேல் பெட்டியில் விளக்கு எரிந்து மணி அடித்தது. மறுபடி அழுத்தினான், மறுபடி அடித்தது. முதலாளி பெட்டியின் சின்ன அளவைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். பம்பரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். கையை முழங்கால்மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். பச்சை விளக்கு நல்ல பிள்ளையாக எரிந்தது.

தலைமை நர்ஸ் மணிச் சத்தத்தைக் கூட்டக் குறைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார்கள். நேரமாகிவிட்டது, உட்கார்ந்து ஒரு வாய் தேநீராவது குடியுங்கள் என்று முதலாளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த அம்மாள் சிரித்தார்.

"எங்களை யாருங்க உட்கார விடறாங்க? ஒரு பெட்டுக்குப் போகலாம்னு எழுந்தா, அதே நேரத்துல இன்னொரு பெட்டுல அடிப்பாங்க. சொல்லி வெச்ச மாதிரி நடக்கும்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். முதலாளியும் சிரித்தார். பம்பரத்தின் கால் ஆட ஆரம்பித்தது. மற்றக் காலால் மிதித்தான். மிதித்த காலும் ஆடியது. முக்காலி தரையில் கடகடத்தது. முதலாளி அவனைப் பார்த்தார், மச்சினன் வேண்டாமென்று கண்ணால் கெஞ்சினான். மனைவி சொன்னது அவன் காதில் ஒலித்தது. ஒருநாள் பேசாமல் உட்கார்ந்திருக்கத்தானே கேட்டாள். பயமாக இருந்தது.

எழுந்தான்.

முக்காலியிலிருந்து எழுந்ததால் ஒன்றும் ஆகவில்லை. நேராகப் பின்னறைக்குப் போனான். பெட்டிகளுக்கு நடுவில் கிடந்த சுழல் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். அதன் ஒரு சக்கரம் வழியெல்லாம் கீச்சிட்டது. மேசைமுன் போட்டான். தலைமை நர்ஸிடம், உங்கள் மேசையில் இருப்பது இந்த மாதிரி நாற்காலிதானே என்று கேட்டான். இதேதான் என்றார் அவர். அதில் உட்கார்ந்தான். மச்சினனைப் பார்த்து, "நான் எழுந்ததும் அழுத்து மாப்ள" என்றான்.

மச்சினன் முதலாளியைப் பார்த்தான். பிறகு பொத்தான்மேல் விரலை வைத்தான்.

பம்பரம் எழுந்தான். பச்சை விளக்கு அணைந்தது. மச்சினன் அழுத்தினான். பெட்டியில் விளக்கும் இல்லை, மணியும் இல்லை. முதலாளி கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார். இன்று பார்த்துச் சிப் நெடுநேரம் கிடந்தது. தலைமை நர்ஸ் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார். கடைசியில் பச்சை வந்து, அதன்பின் மணி அடித்தது, ஒன்றுமே நடக்காததுபோல.

"போர்டு என்னோடது மேடம். தப்பும் என்னோடது. ஒரு ஸ்க்ரூவை இடம் மாத்தினேன், திரும்பி வந்து சரி பண்ணல. புது போர்டு போட மூணு வாரம் ஆகும். பின்னாடி இருக்கிற நூறும் இதே மாதிரிதான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். முதலாளியின் முகத்தில் அதுதான் எழுதியிருந்தது. பம்பரம் வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று யோசித்தான். எந்த மூட்டையை முதலில் கட்டுவது என்பதுவரை போய்விட்டான்.

தலைமை நர்ஸ் கைப்பையைக் கீழே வைத்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் வைத்தார். பெட்டியை இரண்டு கையாலும் திருப்பி ஜாக்கின் பக்கம் குனிந்து பார்த்தார். இதற்குள் நான் முதல் கட்டிலுக்கே போயிருப்பேன், இது அடித்தது எனக்குக் கேட்டிருக்காது என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு முதலாளியைப் பார்த்து, மூணு வாரம்னா மூணு வாரம்தானா, இழுத்துவிட மாட்டீர்களே என்று கேட்டார். முதலாளி வாயைத் திறந்தார், மூடினார், இழுக்க மாட்டோம் என்றார்.

பம்பரம் நாற்காலிப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"உட்காருங்க" என்றார் தலைமை நர்ஸ்.

பழகிய வார்த்தைதான். உட்கார்ந்தான்.

அவர் ஜாக்கின் பச்சை விளக்குக்கு நேராகக் கண்ணை வைத்துக்கொண்டார்.

"எங்கே, மறுபடி ஒருதரம் எழுந்திருங்க" என்றார்.

பிறந்ததிலிருந்து இதை அவனிடம் யாரும் சொன்னதில்லை. ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.